வெள்ளத்தில் ஊறிய ஸ்லைடும் ஒரு டிபிஎக்ஸ் பாட்டிலும்

மிக்ஸிக்கு விமர்சனம் எழுதுகிறார்கள், பிரியாணிக்கு எழுதுகிறார்கள், செருப்புக்குக்கூட ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். மைக்ராஸ்கோப் ஸ்லைடில் கண்ணாடி ஒட்டுகிற டிபிஎக்ஸ் பாட்டிலுக்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதுவதும் கஷ்டம்தான். வாங்கின மறுநாள் பார்த்தால் எல்லா டிபிஎக்ஸும் நல்ல டிபிஎக்ஸ். அதன் லட்சணம் தெரியப் பத்து வருஷம் ஆகும். எனக்குப் பத்து வருஷம் ஆகிவிட்டது. போதாததற்கு நடுவில் ஒரு வெள்ளமும் வந்து போய்விட்டது.

நான் கடலூர்க்காரி. மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு தனியார் லேப்பில் இருபத்திரண்டு வருஷமாக ஹிஸ்டோபேத்தாலஜி டெக்னீஷியன். இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலினில் வருகிற சதைத்துண்டு எங்களிடம் மெழுகுக் கட்டியாகும். அதை மைக்ரோடோமில் வைத்து மூன்று, நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். ரிப்பன் மாதிரி வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் ஏந்துவோம். மெழுகைக் கரைத்து, ஹெமடாக்ஸிலினில் ஊதாவும் ஈயோசினில் ரோஸும் ஏற்றி, ஆல்கஹாலில் தண்ணீரை எடுத்து, சைலீனில் ஆல்கஹாலை எடுத்து, கடைசியாக ஒரு சொட்டுப் பிசின் விட்டு மேலே கவர் ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடியை மூடுவோம். அந்த ஒரு சொட்டுதான் டிபிஎக்ஸ். அதற்கு முந்தைய அத்தனை வேலையும் அந்தச் சொட்டுக்குள்தான் குடியிருக்கும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. புதுச்சேரி மிதந்தது. எங்கள் பக்கம் மழையோடு போயிற்று என்று பெருமூச்சு விட்டோம். ரெண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையைத் திறந்தார்கள், தென்பெண்ணை நிரம்பி ஊருக்குள் வந்தது. லேப் கீழ்த்தளம். முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

மெழுகு பிளாக்கெல்லாம் மேல் ஷெல்ஃபில் இருந்தன, தப்பித்தன. ஸ்லைடு பீரோ மரத்தில் செய்தது. அதன் கீழ் டிராயர்களில் 2013, 2014, 2015 தொடக்கம் வரை இருந்தது. தண்ணீர் வடிந்து நாங்கள் உள்ளே போனபோது டிராயர் உப்பிப்போய் வரவே மறுத்தது. சுத்தியலால் தட்டித் தட்டி இழுத்தால், உள்ளே சேறு. ஸ்லைடு ஓரத்தில் ஒட்டிய பேப்பர் லேபிள் எல்லாம் கஞ்சியாகிவிட்டது. நல்லவேளை, நான் சேர்ந்த காலத்தில் இருந்த சீனியர் அக்கா ஒருவர், "லேபிளை நம்பாதே, டயமண்ட் பென்சிலால கண்ணாடியிலயே கீறு" என்று திட்டித் திட்டிப் பழக்கியிருந்தார். அந்த எண் ஒவ்வொரு ஸ்லைடிலும் அப்படியே இருந்தது. அவருக்கு அன்றைக்குத்தான் மனசார நன்றி சொன்னேன், இருபது வருஷத்துக்கு மேல் தாமதமாக, போனில்.

ஆயிரத்துக்கு மேல் ஸ்லைடுகள். குழாய் விட்டு அலசினோம், பழைய தினத்தந்தியை விரித்துக் காயவைத்தோம். லேப்பில் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவன், நான், டாக்டரம்மா மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். விமர்சனம் என்று நான் எழுதுவது அந்த மூன்று நாள் பார்த்ததைத்தான்.

2014 டிராயர் முழுக்கத் துடைத்து வைத்ததும் நேற்றுப் போட்ட மாதிரி. ஊதா ஊதாவாக, ரோஸ் ரோஸாக. ரெண்டு நாள் ஆற்றுத் தண்ணீரில் கிடந்ததற்கு அடையாளம் இல்லை. "இது எந்த டிபிஎக்ஸ்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். அவர் டிபிஎக்ஸ் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

2013 நடுவில் போட்ட ஒரு டிரே கதை வேறு. கவர் ஸ்லிப்பின் நாலு ஓரத்திலிருந்தும் உள்நோக்கி வெள்ளை ஏறியிருந்தது, பழைய கண்ணாடியில் ரசம் போனது மாதிரி. அந்த இடங்களில் ரோஸ் காணோம். ஈயோசின் தண்ணீரில் கரையும் சாயம், வழி கிடைத்தால் கிளம்பிவிடும். வழி எப்படிக் கிடைத்தது என்று யோசித்தபோதுதான் அந்த பாட்டில் ஞாபகத்துக்கு வந்தது.

2013-ல் ஒரு ஆள் பைக்கில் லேப் லேப்பாக வந்து கெமிக்கல் விற்றார். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொல்ல முடியாது என்பதும் உண்மை, பாட்டிலில் இருந்தது ஜெராக்ஸ் எடுத்த லேபிள். பேட்ச் நம்பர் இடத்தில் ஒன்றுமில்லை. கடை விலையில் பாதி. மேனேஜர் சந்தோஷமாக நாலு பாட்டில் வாங்கிவிட்டார். திறந்து பார்த்தால் நல்லெண்ணெய் மாதிரி ஓடியது. வேலைக்கு சுகமாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். கவர் ஸ்லிப் வைத்ததும் சரசரவென்று பரவும், குமிழியே வராது. ரிப்போர்ட் மறுநாள் போய்விடும். யாருக்கும் குறை தெரியவில்லை.

அது நீர்த்த சரக்கு. யாரோ சைலீன் ஊற்றிப் பெருக்கியிருக்கிறார்கள், பால்காரர் செய்கிற அதே வேலை. டிபிஎக்ஸ் என்ற பெயரே மூன்று சரக்கின் முதலெழுத்து: டிஸ்டைரீன், அதை வளைந்துகொடுக்கச் செய்யும் பிளாஸ்டிசைசர், ரெண்டையும் கரைத்து வைக்கும் சைலீன். கண்ணாடிக்கடியில் சைலீன் ஆவியாகிப் போய், மீதி நிற்பது பிளாஸ்டிக் படலம். சைலீன் அதிகமாக இருந்தால் போகிறதும் அதிகம். போன இடத்தை நிரப்பப் பிசின் போதாமல் படலம் சுருங்கி ஓரத்திலிருந்து உள்ளே வாங்கும். அந்த இடுக்கில் முதலில் காற்று நுழையும், அப்புறம் கடலூர் ஈரம், அப்புறம் தென்பெண்ணை. வெள்ளம் வராமலிருந்தாலும் அந்த டிரே ஓரம் வாங்கித்தான் இருந்திருக்கும். எடுத்துப் பார்க்க யாருக்கும் காரணம் வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வகை பதினைந்து இருபது ஸ்லைடு. கொழுப்புக்குச் சாயம் ஏற்றியவை. கொழுப்பை ஆல்கஹாலிலும் சைலீனிலும் போட்டால் கரைந்தே போய்விடும் என்பதால் அதற்கு டிபிஎக்ஸ் ஆகாது, கிளிசரின் ஜெல்லிதான். ஜெல்லி தண்ணீரில் ஊறி, கவர் ஸ்லிப்புகள் சேற்றோடு போய்விட்டன. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஜெல்லியை யாரும் பத்து வருஷத்துக்கு நம்பி வைப்பதில்லை.

கெட்டுப்போன 2013 டிரேயைச் சைலீனில் முழுக்கிவைத்தோம். மூன்று நாள், சிலதுக்கு ஐந்து நாள். கவர் ஸ்லிப்பை நெம்பக்கூடாது, தானாக நழுவும்வரை பொறுமை வேண்டும். நெம்பினால் திசுவும் கூட வரும். அப்புறம் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும்: சைலீன், ஆல்கஹால், தண்ணீர். மறுபடி சாயம், மறுபடி ஆல்கஹால், சைலீன், பிசின். முக்கால்வாசி மீண்டது. மீதிக்கு பிளாக் இருந்தது, புதிதாகச் சீவிக்கொண்டோம். பாதி விலைக்கு வாங்கிய பாட்டிலுக்கு மீதிப் பாதியை இப்படி வட்டியோடு கட்டினோம்.

இந்தப் பிசின் ஏன் வேண்டும், காய்ந்த திசுவின் மேல் கண்ணாடியை வெறுமனே ஒட்டினால் என்ன என்று தம்பி கேட்டான். பஜ்ஜி மடித்த பேப்பரைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் மறுபக்கத்து எழுத்து தெரியும். காகித நாரின் இடுக்கில் காற்று இருந்தவரை வெளிச்சம் சிதறியது, எண்ணெய் புகுந்ததும் ஒளி வளையாமல் கடந்துபோகிறது. திசுவுக்கும் இதேதான். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, டிபிஎக்ஸும் கிட்டத்தட்ட அதுவே. மேல் கண்ணாடி, பிசின், திசு, கீழ்க் கண்ணாடி எல்லாம் ஒரே பாளமாக ஆகிவிட, சாயம் ஏறியது மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

நான் படித்த இடத்தில் பெரியவர்கள் காலத்து ஸ்லைடுப் பெட்டி ஒன்று இருந்தது. அதெல்லாம் கனடா பால்சம், ஒருவகை ஃபிர் மரத்துப் பிசின். பெட்டியைத் திறந்தால் தேன் நிறம். வயசாக ஆக மஞ்சளாகும், புளிப்பேறும், அந்தப் புளிப்பில் ஊதா வெளுத்துவிடும். காய்வதற்கே வாரக்கணக்கில் ஆகும். நிறம் போகாத ஒன்று வேண்டும் என்றுதான் 1939-ல் கிர்க்பாட்ரிக், லெண்ட்ரம் என்ற இருவர் டிபிஎக்ஸைக் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் எத்தனையோ வந்தாலும் நம் ஊர் லேப்புகளில் இன்றும் இதுதான்.

இப்போது கடை. 2013 கடைசியிலிருந்து நான் வாங்குவது புதுச்சேரியில். நேரு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பள்ளிக்கூட லேப் சாமான் விற்கிற கடை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்கும், உள்ளே பீக்கர், பியூரெட், தூசி. கல்லாவில் அறுபது வயசுக்காரர், மின்விசிறிக்கு நேர் கீழே. முதல் தடவை போய் அரை லிட்டர் டிபிஎக்ஸ் கேட்டேன்.

"மாசம் எத்தனை ஸ்லைடு மேடம் போடுவீங்க?"

சொன்னேன்.

"அப்ப கால் லிட்டர் எடுத்துக்குங்க. பெருசு வாங்கினா பாதியிலயே கெட்டியாயிடும். அப்புறம் நீங்க சைலீன் ஊத்துவீங்க."

சின்ன பாட்டிலை விற்க இவ்வளவு பாடுபடும் கடைக்காரரை நான் அதற்கு முன் கண்டதில்லை. கேட்காமலே பாட்டிலைத் திருப்பித் தேதியைக் காட்டினார். கவர் ஸ்லிப்பை ஒரு பிஸ்கட் டின்னில் சிலிகா ஜெல் போட்டு வைத்திருந்தார். கடற்கரை ஊரில் இது பெரிய விஷயம். ஈரம் குடித்த கவர் ஸ்லிப் பெட்டியைத் திறந்தால் நூறும் ஒரே கட்டியாக வரும், பிரிக்கப் பார்த்தால் உடையும். எந்த நம்பர் கவர் ஸ்லிப் என்று கேட்டுக் கொடுக்கிற கடையும் அரிது. மைக்ராஸ்கோப் லென்ஸ் மேல் 0.17 என்று பொறித்திருப்பது கவர் ஸ்லிப்பின் கனம்தான், மில்லிமீட்டரில். தடிமனான கவர் ஸ்லிப்பைப் போட்டுவிட்டு லென்ஸ் மங்கல் என்று திட்டுகிற டாக்டர்கள் உண்டு.

கடையின் குறை: மதியம் ஒன்றரைக்கு ஷட்டர் இறங்கினால் நாலு மணிக்குத்தான் ஏறும். புதுச்சேரி வழக்கம், ஒன்றும் சொல்ல முடியாது. வெயிலில் வந்து பூட்டு பார்த்துத் திரும்பியது மூன்று தடவை. போன் எடுக்க மாட்டார். கூரியரில் அனுப்பவும் மாட்டார், அது சரிதான். சைலீன் கலந்த சரக்கு சுலபமாகத் தீப்பிடிக்கும், நம்ம ஊர் பகல் சூடே அதன் ஆவிக்குப் போதும். அதனால் பஸ்ஸிலும் கொண்டுவருவதில்லை, ஸ்கூட்டர்தான்.

ஸ்கூட்டர் என்றதும் ஆல்பேட்டை சோதனைச் சாவடி. புதுச்சேரியிலிருந்து பையில் பாட்டிலோடு வருகிற கடலூர்க்காரியை எந்தப் போலீஸ்காரர் சும்மா விடுவார்? பழுப்பு பாட்டில் வேறு. ஒரு தடவை ஒருவர் மூடியைத் திறந்து முகர்ந்தே பார்த்துவிட்டார். முகம் சுளித்து, "என்னம்மா, பெயிண்டா?" "கண்ணாடி ஒட்டறது சார், ஆஸ்பத்திரிக்கு." "இதைப் போயி பாண்டியிலேர்ந்தா வாங்கறே?" என்று கேட்டாரே தவிர, அவர் முகத்தில் ஏமாற்றம் நன்றாகத் தெரிந்தது. எத்தனால் வைத்துக்கொள்ளக் கலால் லைசென்ஸ் வேண்டும் என்பதால் நாங்கள் லேப்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோடு காலம் தள்ளுகிறோம். அதைச் சொல்லி அவரை இன்னும் வருத்தப்படுத்தவில்லை.

பாட்டில் நல்லதா என்று பார்க்க நான் செய்வது ஒன்றே. கண்ணாடிக் குச்சியை முக்கித் தூக்கினால் நூல் விட வேண்டும், சர்க்கரைப் பாகு ஒரு கம்பிப் பதத்துக்கு வருகிற மாதிரி. சொட்டுச் சொட்டாக விழுந்தால் நீர்த்தது. கம்பி அறாமல் முழம் நீண்டு சிலந்தி வலை மாதிரி காற்றில் ஆடினால் பழசு. பழசில் துளி சைலீன் சேர்க்கலாம், ஆனால் சேர்த்த அன்றே போடாமல் ஒரு ராத்திரி விட வேண்டும். கலக்கும்போது வருகிற குமிழி மேலே ஏறட்டும்.

டிபிஎக்ஸ் மேல் பழி விழுகிற பல விஷயங்கள் அதன் குற்றம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஸ்லைடு பால் மாதிரி மங்கினால் பாட்டிலை மாற்றுகிறார்கள். தப்பு கடைசி ஆல்கஹால் ஜாடியில். திறந்து திறந்து மூடும்போது காற்று ஈரத்தை அது குடித்துவிடும், பெயருக்குத்தான் நூறு சதவீதம். வறுத்து வெளுத்த மயில்துத்தத்தை ஜாடி அடியில் போட்டு மேலே ஃபில்டர் பேப்பர் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஏறினால் பொடி நீலமாகும். நீலம் கண்டதும் ஜாடி மாறும். மழைக்காலத்தில் வாரம் ரெண்டு தடவைகூட மாற்றியிருக்கிறேன், மேனேஜர் முறைப்பார்.

இன்னொன்று, சைலீனிலிருந்து எடுத்த ஸ்லைடைக் காயவிடுவது. தம்பி சேர்ந்த புதிதில் ஒருநாள் ராக்கை வெளியே எடுத்துவைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டான். மின்விசிறிக்குக் கீழே. திரும்பி வந்து அவசரமாகக் கவர் ஸ்லிப் வைத்துக் கொடுத்தான். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "என்னடா இது, மிளகுத்தூள் தூவிக் குடுத்திருக்கே?" என்றார். உட்கருமேல் பழுப்பும் கறுப்புமாகப் பொட்டுகள். காய்ந்த திசுவுக்குள் காற்று சிக்கினால் அப்படித் தெரியும். பன்னிரண்டு ஸ்லைடையும் பிரித்துத் தண்ணீர்வரை கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தான். அதற்கப்புறம் "அக்கா, போன் அடிக்குது, நீங்க எடுங்க" என்கிறான். ஈரம் மினுங்கும்போதே சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தை முதலில் தொடவைத்து, மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தால் காற்று முன்னால் ஓடிப்போகும்.

குறை இல்லாமல் இல்லை. காய நேரம் எடுக்கும். மேலே மறுநாள் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காய வாரங்கள் ஆகும். அதற்குள் ஸ்லைடுகளை நிமிர்த்தி அடுக்கினால் கவர் ஸ்லிப் நழுவும், மைக்ராஸ்கோப்பில் பார்க்க மேலே விட்ட ஆயிலைச் சைலீன் தொட்டுத் துடைத்தால் கவர் ஸ்லிப்பே நகர்ந்து வரும். நெடி தலையைப் பிளக்கும். எங்கள் லேப்பில் எக்ஸாஸ்ட் வைக்க ஆறு வருஷம் கேட்டேன். விரலில் பட்டால் சோப்புக்கு அசையாது, சாயங்காலம் சாம்பார் சாதத்தில் சைலீன் வாசனை அடிக்கும். என் சித்தி பொண்ணு கல்யாணத்தில் மருதாணி வைத்தவள், "அக்கா, நகத்துல ஏதோ பிளாஸ்டிக் உரியுது" என்றாள்.

இந்த பிப்ரவரியில் பண்ருட்டியிலிருந்து ஒரு பையன் வந்தான். அம்மாவுக்கு 2014-ல் மார்பில் கட்டி எடுத்தது, இப்போது மறுபக்கம் சந்தேகம், சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் பழைய ஸ்லைடைக் கேட்கிறார்கள் என்றான். ரிப்போர்ட் எண்ணைச் சொன்னான். வெள்ளத்தில் ஊறிய டிராயர்தான். கண்ணாடியில் கீறின எண்ணைத் தேடி எடுத்தேன். டாக்டரம்மா வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் நகர்த்தினார். நானும் பார்த்தேன். என் கையால் போட்ட ஸ்லைடு, ஒரு மூலையில் சின்னக் குமிழி ஒன்று, அந்தக் காலத்து அவசரம். மற்றபடி குறை ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் ஸ்லைடு டப்பியில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். பையன் அதைச் சட்டைப் பையில் போடப் போனான். பேக்கில் வைப்பா என்றேன்.

கடைக்கு ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது மதியத் தூக்கத்துக்கு. பாட்டிலுக்கு ஐந்துக்கு நாலு. ஒன்று குறைத்தது மூடிக்கு. ஊற்றும்போது கழுத்தில் வழிகிற பிசின் மரைக்குள் போய்க் காய்ந்துவிடும், மறுநாள் மூடி திறக்காது. இத்தனை வருஷத்தில் எந்தக் கம்பெனிக்காரரும் இதற்கு ஒரு வழி பண்ணவில்லை. தீயில் காட்டித் திறக்கலாம் என்று எங்காவது படித்தால் தயவுசெய்து செய்யாதீர்கள், உள்ளே இருப்பது சைலீன். மரையில் துளி வாசலின் தடவி மூடினால் ரெண்டு மூன்று நாள் ஓடும். நேற்று சாயங்காலம் நான் தடவ மறந்துவிட்டேன். தம்பி இப்போது கட்டிங் பிளேயர் தேடிக்கொண்டிருக்கிறான்.